நம் தோட்டத்துக் களைகள்

இவ்வாண்டு நம் பள்ளித் தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் நட்டோம். அவற்றைக் காட்டிலும் செழித்து வளர்ந்தவை களைகளே. மாணவர்கள் பிடுங்கப் பிடுங்க அவை முளைத்தன. ஆகவே, ஒவ்வொரு களையையும் பெயரறிந்து, குணமறிந்து அணுகத் தலைப்பட்டோம்.

கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் பிறந்தோருக்கு லாலான் புல்லை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதன் இலையை அறுப்பது வீண்வேலை. மண்ணுக்கடியில் ஊசிமுனையோடு ஓடும் வெண்ணிறத் தண்டில் ஒரு துண்டு எஞ்சினும் மீண்டும் முளைக்கும். ஆயினும், அது நிழலைத் தாங்காது. இளம் இரப்பர் மரங்களுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கோரையோ பெருஞ்சூழ்ச்சி உடையது. முக்கோணத் தண்டைப் பற்றியிழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்; கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். மழை பெய்த மறுநாள் ஆழத் தோண்டிக் கிழங்கைப் பொறுக்கவேண்டும். தொட்டாற்சிணுங்கியோடு விளையாடாத பிள்ளை நம் பள்ளியில் உண்டோ? அதனைப் பூக்குமுன் வேரோடு களைந்தால் போதும்.

நாம் அஞ்சுவது பார்த்தீனியத்திற்கே. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியாகிய இது, 1950களில் இந்தியாவின் புனே நகரில் காணப்பட்டுப் பின்னர் அந்நாடெங்கும் பரவியது. மலேசியாவில் 2013ஆம் ஆண்டு சிலாங்கூரில் இனங்காணப்பட்டது. நம் கெடாவிலும் வேரூன்றிவிட்டது. மலாய் மொழியில் இதனை ‘ரும்பாய் மியாங் மெக்சிகோ’ என்பர். ‘மியாங்’ என்றால் அரிப்பு. இதன் இலை ஆழப் பிளவுபட்டிருக்கும். இளஞ்செடியை உலாம் ராஜா கீரையென எண்ணி ஏமாறவும் கூடும். பூக்கள் மிளகளவில் வெண்மையாயிருக்கும். ஒரே செடி பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தவல்லது. தொட்டால் தோல் தடிக்கும். மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். தின்ற ஆட்டின் பாலும் கசக்கும். மாணவர்கள் இதனைக் கண்டால் தொடாது ஆசிரியரிடம் கூறவேண்டும். பெரியவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டும். பூத்துவிட்ட செடியை நெகிழிப் பையிலிட்டுக் கட்டிவிடுதல் நன்று. எருக்குழியில் இடுதல் ஆகாது. விவசாய இலாகாவிற்கும் தெரிவித்தல் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில், “மருந்தடித்தால் ஒரே நாளில் வேலை முடியுமே!” என்றார் ஒரு தந்தையார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. கைக்களை எடுப்பது முதுகை முறிக்கும் வேலை. அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியார் எழுந்தார். இளமையில் பல்லாண்டுகள் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர் அவர். வெடித்து நிறம் மாறிய தம் நகங்களைக் காட்டி, “பிள்ளைங்க விளையாடுற மண்ணுங்க, ஐயா” என்றார். அத்தந்தையார் மறுமொழி கூறவில்லை. அந்நாளில் தோட்டங்களில் பெரிதும் பயன்பட்ட பாராகுவாட் என்னும் நஞ்சு, 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. நம் பள்ளித் தோட்டத்திலோ எம்மருந்தும் அடிப்பதில்லை என அன்றே முடிவு செய்தோம்.

இப்பொழுது பாத்திகளுக்கிடையே காய்ந்த புல்லையும் தென்னோலையையும் பரப்பி வருகிறோம். வெளிச்சம் படாத மண்ணில் களை முளைப்பது குறைந்துள்ளது. புதன்கிழமைதோறும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எஞ்சிய களையைக் கையால் எடுக்கின்றனர். வேலியோரப் பார்த்தீனியத்தைப் பிடுங்க முன்வரும் பெற்றோர், கையுறையுடன் காலை எட்டு மணிக்கு வருக.