ஒன்றரை விரல் தொய்வு

காலை ஏழரை. சுங்கை லாலாங். இரவு முழுக்கப் பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஜெராய் மலை 1,217 மீட்டர். அதில் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருக்கிறது.

சாய்த்துப் போட்ட செம்பனை மரங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. கிழட்டு மரங்கள். மறுநடவுக்காக வீழ்த்தப்பட்டவை. எரிக்கக் கூடாது. மண்வாரியின் வாளியால் துண்டு துண்டாகச் சீவி, பரப்பி, மக்க விட வேண்டும். பாதி வரிசை சீவியாயிற்று. மீதி அப்படியே கிடக்கிறது. நடுவில் மஞ்சள் மண்வாரி நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

செம்மண் பாதையில் ஒரு மோட்டார் வருகிறது. பின்னால் டியூப் வாரால் கட்டிய மரப்பெட்டி. போமன் இறங்குகிறார். மெக்கானிக்குக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். அறுபதை நெருங்கும் வயது. விரல் நகங்களில் பழைய கிரீஸ். எந்தச் சோப்பும் அதைத் தொட்டதில்லை.

"பசியாறியாச்சாண்ணே?" என்கிறான் மண்வாரி ஓபரேட்டர்.

"ஆச்சு. எந்தப் பக்கம் சத்தம்?"

"ரெண்டு பக்கமும். இடது செயின் அடிக்குது. வலது, திரும்புறப்ப முனகுது."

போமன் பதில் சொல்வதில்லை. குந்துகிறார். பார்க்கிறார்.

ஒரு பக்கச் செயினில் 45 இரும்புத் தகடுகள். கீழே வரிசையாக ரோலர்கள். மேலே இரண்டு. முன்னால் வழுவழுப்பான சக்கரம், பின்னால் பல்சக்கரம். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் களிமண். மண்ணுக்குள் செம்பனை நார், கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடக்கிறது.

"கடப்பாரை எங்கடா?"

ஓபரேட்டர் கேபினுக்குள் தேடுகிறான். சீட்டுக்குப் பின்னால், பழைய சட்டைக்கும் காலிப் போத்தல்களுக்கும் அடியில் கிடக்கிறது. துருப்பிடித்திருக்கிறது. போமன் துருவைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். அவன் வேறு பக்கம் பார்க்கிறான்.

மண் கிளறும் வேலை ஒரு மணி நேரம் நடக்கிறது. அதைப் பழுதுபார்ப்பு என்று எந்த முதலாளியும் கணக்கில் எழுதுவதில்லை. உண்மையில் பாதி வேலை இதுதான். ஓபரேட்டர் கைப்பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி வாளியைத் தரையில் ஊன்றுகிறான். இடது பக்கம் தரையை விட்டு எழும்புகிறது. செயின் காற்றில் சுற்றுகிறது. கட்டி கட்டியாக மண் விழுகிறது. நிறுத்துகிறான். கடப்பாரை. மறுபடி சுற்றுகிறது. மறுபடி விழுகிறது. பிறகு வலது பக்கம்.

மண் போன இடத்தில் இரும்பு தெரிகிறது. ரோலர் விளிம்பு வெள்ளிக்காசு போல மினுங்குகிறது. மினுங்கும் இடம்தான் தேயும் இடம். வலது பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகக் கூர்ந்திருக்கின்றன. போமன் ஒரு பல்லின் மேல் விரலை வைக்கிறார். எடுக்கவில்லை.

பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ வருகிறது. இருவரும் ஒரு மரத்துண்டில் உட்காருகிறார்கள். ஓபரேட்டர் கைப்பேசியைத் திறக்கிறான். வெள்ளை வெளி. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டி பாய்கிறது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டை.

"அதுக்கும் செயினா?"

"ஆமாண்ணே. இதே தொல்லைதான் போல."

இதே தொல்லைதான். அந்த வண்டியின் கதை தொடங்குவது கனடாவின் வால்கோர்ட் ஊர்க்காரர் ஜோசஃப்-ஆர்மாண்ட் பொம்பார்டியேயிடம். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகன் நோயில் கிடக்கிறான். சாலையெல்லாம் பனி. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துபோகிறது. பனிமேல் ஓடும் பட்டை வண்டிக்கு 1937இல் அவர் காப்புரிமை பெறுகிறார். இப்போது திரையில் பாய்வதன் மூதாதை, ஸ்கி-டூ, 1959இல் வெளிவருகிறது. இன்றைய வண்டியின் பட்டைக்குள் நீளமாக இரண்டு பிளாஸ்டிக் பட்டிகள். பட்டையின் உலோகக் கவ்விகள் அவற்றின்மேல் உரசிக்கொண்டே ஓடுகின்றன. உள்ளே தெறிக்கும் பனிதான் அதற்குத் தண்ணீர், அதுவேதான் எண்ணெய். வெறும் தரையில் ஓட்டினால் பட்டி சூடேறி உருகுகிறது. பட்டையை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டினாலும் சீக்கிரம் தேய்கிறது. தொய்ய விட்டால் பல் தாண்டுகிறது.

"அங்க பனி ஒத்தாசை பண்ணுது," என்கிறார் போமன். மீதியைச் சொல்லாமல் காலடியில் கிடக்கும் களிமண் கட்டியைப் பார்க்கிறார். வெயிலில் அது ஓரமாக வெளுத்துக் காய ஆரம்பித்திருக்கிறது.

மரப்பெட்டி திறக்கிறது. ஒரு மைலோ டின். அதற்குள் ஒரு நூல்கண்டு, ஓர் இரும்பு ஸ்கேல்.

மண்வாரி சமதரையில் நிற்கிறது. முன்சக்கரத்துக்கு மேலிருந்து மேல் ரோலருக்கு மேல்வரை நூலை இழுத்துப் பிடிக்கிறான் ஓபரேட்டர். நடுவில் ஸ்கேலை நிறுத்துகிறார் போமன். நூலுக்கும் செயினுக்கும் இடைவெளி 52. இந்த ரக மண்வாரிக்குக் கையேடு சொல்லும் கணக்கு 10 முதல் 30 மில்லிமீட்டர்.

கிரீஸ் நிப்பிள் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. துணியால் ஒருமுறை துடைக்கிறார். துணியைத் திருப்பி மறுமுறை. ஊதுகிறார். அதன்பிறகுதான் கிரீஸ் கன்னை மாட்டுகிறார். ஓபரேட்டர் அழுத்துகிறான். உள்ளே கிரீஸ் புகப் புக உருளை நீள்கிறது. முன்சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. செயின் இறுகுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவன் நெற்றி வியர்வை மட்டும் தெரிகிறது.

"ஓட்டிட்டு வா."

முன்னால் பத்தடி. பின்னால் பத்தடி. நூல். ஸ்கேல். 38. மறுபடி அழுத்துகிறான். மறுபடி முன்னால், பின்னால். 28.

"இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமாண்ணே? இருபதுக்குக் கொண்டாந்துருவோம்."

போமன் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுக்கிறார். உள்ளங்கையில் உருட்டுகிறார். உருண்டை உடையாமல் நிற்கிறது. அதை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காட்டுகிறார்.

"இதுக்கு எடம் வேணாமா?"

அவன் கன்னைக் கழற்றுகிறான்.

வலது பக்கம். நூலுக்கும் செயினுக்கும் நடுவே ஸ்கேலின் முனைகூடச் சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. 6. யாரோ, எப்போதோ, தளர்ந்த செயினுக்குப் பயந்து இழுத்துவிட்டிருக்கிறார்கள். தளர்ந்த செயின் சத்தம் போடும். கழன்று விழும். அன்றே தெரிந்துவிடும். இறுகிய செயின் இப்படி மாதக்கணக்கில் ஊசியையும் புஷ்ஷையும் பல்லையும் தின்றுகொண்டே ஓடும்.

இதைத் தளர்த்த வேண்டும். ஸ்பானர் ஏறுகிறது. போமன் முகத்தை ஒதுக்கிக்கொண்டு, அடைப்பானை மெதுவாகத் திருப்புகிறார். கால் சுற்று. ஒன்றுமில்லை. அரைச் சுற்று. ஓபரேட்டர் என்ன ஆகிறது என்று பார்க்கக் குனிகிறான். போமனின் இடது உள்ளங்கை அவன் நெற்றியில் விழுகிறது. தள்ளுகிறது. தலை விலகிய இடத்தில் கிரீஸ் கறுப்பாகச் சீறி, பிறகு புழுப்போல நெளிந்து வெளிவருகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் தோலைத் துளைக்கக்கூடியது. ஒரு சுற்றுக்கு மேல் திருப்புவது கிடையாது.

அவன் நெற்றியில் ஐந்து விரல் கிரீஸ். துடைக்கத் தோன்றவில்லை.

முன்னால், பின்னால். நூல். 27. அடைப்பான் இறுகுகிறது. போமன் தன் இரண்டு விரல்களைச் சேர்த்து நூலுக்கடியில் விட்டுப் பார்க்கிறார். இரண்டாவது பாதிதான் நுழைகிறது. அவன் தன் விரல்களை விட்டுப் பார்க்கிறான். பிறகு ஸ்கேலைப் பார்க்கிறான். மறுபடி விரலைப் பார்க்கிறான்.

சாக்கட்டியால் கேபின் கதவின் உட்புறம் எழுதுகிறான். இடது 28. வலது 27. கீழே தேதி.

இயந்திரம் கிளம்புகிறது. போமன் பக்கத்திலேயே இருபதடி நடக்கிறார், தலையைச் சாய்த்துக்கொண்டு. இடப்பக்கம் அடிக்கவில்லை. வலப்பக்கம் திரும்பும்போது முனகல் இல்லை. கூர்ந்த பற்கள் கூர்ந்தபடிதான் இருக்கின்றன. அவை வளரப் போவதில்லை.

வாளி முதல் மரத்தில் இறங்குகிறது. நார் தெறிக்கிறது. தகடுகளுக்கு நடுவே களிமண் ஏற ஆரம்பிக்கிறது.

வாய்க்கால் தண்ணீரில் போமன் நூலை அலசுகிறார். பிழிகிறார். நான்கு விரல்களில் சுற்றிக் கண்டாக்குகிறார். மைலோ டின்னுக்குள் ஸ்கேல், அதன்மேல் நூல், அதன்மேல் மூடி. மரப்பெட்டி. டியூப் வார். மோட்டார் இரண்டாவது உதையில் கிளம்புகிறது.

வரிசையின் கடைசியில், மண்வாரி திரும்ப வேண்டிய இடத்தில், கடப்பாரை மண்ணில் நட்டுவைக்கப்பட்டிருக்கிறது.