கண்மூடி நடந்த தூரம்

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட மறுநாள் காலையில், கட்டுப்போட்ட காலை யாரோ விட்டுச்சென்ற சாமானைப்போலப் பார்த்தபடி கட்டிலில் கிடப்பவர்களிடம், முழங்காலின் அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழே அழுத்துங்கள் என்று சொல்வதே இருபது வருஷமாக என் ஜீவனம். அழுத்தும் ஆசை அவர்களுக்கு இல்லாமலில்லை. தொடைத் தசைதான் கேட்பதில்லை. நோயற்ற முழங்காலுக்குள்கூடத் திரவத்தைச் செலுத்தி வீங்கச் செய்தால் அத்தசை அடங்கிவிடுகிறது என்பதை 1965-லேயே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் அதன் பலத்தில் பாதிக்குமேல் போய்விடுவதும் சகஜம்.

பலம் போனால் திரும்பும். ரணம் ஆறி, எக்ஸ்ரேயில் உலோகம் இம்மியும் பிசகாமல் அமர்ந்திருக்க, மூன்று மாதம் கடந்தும் "வலி விடலையே" என்று வந்து நிற்கிறவர்கள்தாம் என்னைக் கலங்க வைக்கிறவர்கள். ஐவரில் ஒருவருக்கு இந்த கதி நேரக்கூடும். கிருமியும் இல்லை, உலோகத் தளர்ச்சியும் இல்லை என்று சர்ஜன் தீர்த்துச் சொன்ன பிறகு எஞ்சும் வலியில் பயத்துக்குக் கணிசமான பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். வலியைப் பூதாகரமாக எண்ணி நடுங்குகிறவர்களிடம் அது தங்கிவிடுவது அதிகம் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. ஆகையால், கால் பயந்து முடங்கும் அந்த ஆரம்ப நாட்களிலேயே, அசைவை மனத்தில் நடத்தும் அப்பியாசத்தைக் கற்றுக்கொடுக்கிறேன்.

வித்தை புதிதன்று. கையை மடக்குவதாக எண்ணிய மாத்திரத்தில் அந்தக் கையின் தசையில் மெல்லிய மின்னோட்டம் எழுவதை 1930-களில் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் பதிவு செய்தார். சுண்டுவிரலை அசைக்காமலே அசைப்பதாகப் பாவித்தவர்களுக்கு நான்கு வாரத்தில் அவ்விரலின் பலம் 22 சதவீதம் கூடியதாக யூ, கோல் என்ற இருவர் 1992-ல் எழுதினார்கள். ஆனால் "நன்றாக நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது அப்பியாசமாகாது. அப்படித்தான் ஆரம்பத்தில் நான் செய்தேன். அவர்களும் சினிமா பார்ப்பதுபோலத் தங்களைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்கள். குதிகால் தரையில் படும் குளிர்ச்சியும், தொடை இறுகுவதும், வாக்கரின் பிடியும் உள்ளிருந்தே உணரப்பட வேண்டும். பாவனை அசலாக இருந்தால், மனத்தில் நடக்கும் நேரமும் நிஜமாக நடக்கும் நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பது பிரான்ஸில் மார்க் ஜான்னரோவும் அவருடைய சகாக்களும் கண்ட உண்மை. என் கைக்கடிகாரம்தான் எனக்கு ஸ்டெதஸ்கோப். (நினைக்கும்போதே வலி ஏறுகிறவர்களும் உண்டு, அங்கே பாவனையையும் மருந்துபோல அளவு குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.)

வலது முழங்காலை மாற்றிக்கொண்ட ஒரு பாட்டி, கட்டிலிலிருந்து கதவுவரை வாக்கரில் 50 விநாடியில் போனார். கண்ணை மூடி மனத்தில் போனபோதும், சேர்ந்ததற்கு அடையாளமாக விரலை உயர்த்தியது 52-ல். "காசு குடுத்து வந்து கண்ணை மூடிக்கிட்டு நடக்கிறேன் பாரு" என்று மருமகளிடம் சிரித்தார். பிறகு, தெருவிலிருந்து தம் வீட்டுக்குள் போகச் சொன்னேன். இரண்டு நிமிஷமாகியும் விரல் உயரவில்லை.

"எங்கேம்மா நிக்கிறீங்க?"

"வாசப்படியிலதான், தம்பி."

பயம் அகப்பட்டுவிட்டது என்று தீர்மானித்து, இரண்டு நாள், வாசற்படி எவ்வளவு தாழ்வானது, புது மூட்டு எத்தனை பாரம் தாங்கும் என்றெல்லாம் உபதேசித்தேன். விரல் உயரவேயில்லை. மூன்றாம் நாள், அலுத்துப்போய், அங்கே நின்று என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏறையில நல்ல காலைத்தான் முதல்ல வைக்கணும்னியே. எனக்கு நல்ல காலு இடது காலு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குள்ள போறப்ப இடது காலை எடுத்து வைக்கச் சொல்றியா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்று மாலையே பயிற்சி அறையில், நான்கு அங்குலப் பலகைமீது, கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதலில் வைத்து ஏறிப் பார்த்தோம். முகத்தைச் சுளித்தார், ஆனால் ஏறிவிட்டார். மறுபடி படுத்துக் கண்ணை மூடினார். 40 விநாடியில் விரல் உயர்ந்தது.