கோடரிக் காம்பு

உலகிற் பழிக்கப்பட்ட பொருள்களுள் கோடரிக் காம்பினும் மிக்கது பிறிதொன்று உண்டோ என ஐயுறுகிறேன். தன் குலத்தைத் தானே அழிப்பவனைச் சுட்ட வேண்டின், 'குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக் காம்பு' என்பர் நம் நாட்டார். ஆயினும் வெட்டுவது இரும்பு. அவ்வெட்டின் அதிர்ச்சியைத் தாங்கி, இரும்பை அதன் இடத்தே நிறுத்துவது காம்பு. அது தன் கடமையிற் சிறிது தவறினும் கேடுறுவது மரமன்று. அருகில் நிற்கும் மனிதனே. ஆதலின், காம்பைத் தேர்ந்து பொருத்துதல் நாம் அயலானுக்குச் செய்யும் கடன் என்பது என் துணிபு.

வேதாகமத்தில் இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. எலிசாவின் காலத்தில் யோர்தானில் விழுந்த கோடரி இரவல் வாங்கியது. அங்கே அச்சம் பொருளிழப்போடு நின்றது. உபாகமம் 19ஆம் அதிகாரம் கூறுவதோ கொடிது. அயலானோடு காட்டிற்குச் சென்று மரம் வெட்டுபவனது கோடரி, காம்பை விட்டுக் கழன்று அயலான்மேற் பட, அவன் இறந்துபடுகிறான். பகையின்றி நேர்ந்த இத்தகைய மரணத்திற்காகவே, தப்பியோடுவோன் உயிர்பிழைக்கப் பட்டணங்களை ஒதுக்கிற்று அச்சட்டம்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் சிற்றூரில், வீடுதோறும் எரிவாயு அடுப்பு வந்துவிட்ட போதிலும், சபையார் கூடியுண்ணும் அசனத்திற்கு இன்றும் விறகடுப்பிலேயே சோறாக்குவர். அவ்விறகைப் பாட்டனார் காலமுதல் பிளந்துவருவது எங்கள் வீட்டுக் கோடரி. சென்ற ஆண்டு அசனத்திற்குச் சில நாள் முன்னர் அதன் தலை ஆடத் தொடங்கிற்று.

"இராத்திரி தண்ணீரிலே போட்டு வையுங்கள், அண்ணாச்சி, விடியும்போது இறுகிவிடும்" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

"இன்று இறுகும், தம்பி, காய்ந்தால் முன்னிலும் தளரும். சுற்றி நிற்பவை நம் பிள்ளைகள் அல்லவா?" என்றார் என் தந்தையார்.

அவர் கூறியது மெய்யே. துளைக்குள் நீரால் உப்பும் மரம் இரும்பால் நெருக்குண்டு நசுங்கும். உலர்ந்தபின் பழைய பருமனும் அதற்கு இராது.

உள்வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறவயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். வகுப்பறையிற் கற்ற அப்பாகுபாடு அன்று என் கைக்கும் விளங்கிற்று. மூங்கில் புல்லாகும், துளையிற் செறிந்து ஆப்பை ஏற்க அதன் நடுவில் ஒன்றுமில்லை. தந்தையார் எடுத்ததோ, பரணில் இரண்டாண்டு உலர்ந்திருந்த நாட்டுக் கருவேலங்கட்டை. அது வாளால் அறுக்கப்பட்டதன்று. நார் சென்ற வழியே பிளக்கப்பட்டது. நார் ஒரு முனைமுதல் மறுமுனைவரை அறாது ஓடவேண்டும். இடையே சரிந்து பக்கவாட்டில் வெளியேறுமாயின் அவ்விடத்தே காம்பு முறியும். கணுவும் ஆகாது. பச்சை மரமும் ஆகாது. உலருங்கால் அது சுருங்கித் தலையைத் தளர்த்தும்.

பழைய துண்டை நெருப்பிலிட்டு நீக்குவாரும் உளர். அவ்வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுத்து வாயை மெலிவிக்கும். ஆகையால் அதனை இருப்புக் கம்பியால் அடித்தே வெளியேற்றினோம். புதிய காம்பின் தலைப்பை வாய்ச்சியாற் செதுக்கி, அரத்தால் தேய்த்து, ஆப்புக்கென ஒரு பிளவும் அறுத்தோம். பின்னர், இரும்பு கீழே தொங்குமாறு காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, மேலே நின்ற அடிமுனையைக் கொட்டாப்புளியாற் தட்டச் சொன்னார். தலை கழன்று விழும் என்றே எண்ணினேன். ஆனால் தட்டுந்தோறும் காம்பு இறங்க, கனத்த இரும்பு தன் சடத்துவத்தால் நின்ற இடத்தே நிற்க, இரண்டும் ஒன்றினுள் ஒன்று செறிந்தன. இறுதியாக உலர்ந்த ஆப்பைப் பிளவினுள் இறக்கினோம்.

அசன நாளில் சிராய் பொறுக்கும் சிறுவர் கோடரியைச் சூழ்ந்து வந்தனர். தலை மயிரிழையும் அசையவில்லை. அத்துணை நல்ல காம்பு இட்டிருந்தும், தந்தையார் அவர்களைப் பத்தடி விலக்கியே நிறுத்தினார். உண்டவர்கள் சோற்றைப் புகழ்ந்தனர். காம்பை நினைத்தவர் எவருமிலர். பிறர் நினையாதபடி காப்பதே அதன் தொழில். அத்தொழிலிற் குறைவற நின்ற ஒன்றைத் துரோகத்திற்கு உவமை கூற என் நா இனி எழாது.