‘ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?’

சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பில் பாதிக்கு மேல் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவரவர் முகத்தை அவரவரே வரைய வேண்டும் என்பதுதான் அன்றைய பாடம்.

டிராயிங் மாஸ்டர் கண்ணாடியை உடனே கொடுக்கவில்லை. முதலில் மனசில் இருக்கிற முகத்தை வரையச் சொன்னார். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் கண்கள் நெற்றியில் போய் உட்கார்ந்திருந்தன. பிறகுதான் பையிலிருந்து பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடிகள் வெளியே வந்தன. மாட வீதியில் தன் காசில் வாங்கியவை. இரண்டு பேருக்கு ஒன்று. “உச்சந்தலையிலேருந்து கண்ணு வரைக்கும் பென்சிலால அள. கண்ணுலேருந்து தாடை வரைக்கும் அள.” இரண்டும் ஒன்றாக இருந்ததைப் பிள்ளைகள் நம்பவில்லை, பக்கத்தில் இருப்பவன் தலையையும் அளந்தார்கள். “எல்லாரும் மண்டையைத்தான் சின்னதாக்குவாங்க, வருஷா வருஷம்” என்றார் என்னிடம்.

ரப்பர்களைப் பிடுங்கி மேசையில் குவித்துவிட்டார். அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார். 1484இல் ஜெர்மனியில் ட்யூரர் என்ற பையன் பதின்மூன்று வயதில் கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்தான். வெள்ளிமுனையால் இழுத்த கோடு, அழிக்க முடியாது. அந்தத் தாள் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. “உங்களைவிட ரெண்டு வயசுதான் பெரியவன்.”

மச்சம் எந்தக் கன்னத்தில் என்று நடு பெஞ்சில் சண்டை. கண்ணாடியில் தெரிகிற பக்கமே போடு என்றார் மாஸ்டர். ஓவியர் வான்கோ இடது காதை அறுத்துக்கொண்டவர். 1889இல் அவர் வரைந்த படத்தில் கட்டு வலது காதில் இருப்பதுபோலத் தெரிவது கண்ணாடி பார்த்து வரைந்ததால்தான். வான்கோவைவிட அறுந்த காதில்தான் வகுப்புக்கு ஆர்வம்.

வண்ணம் தீட்டத் தொடங்கியதும் அந்தக் குரல் வந்தது: “ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?” வெளிர் ரோஜா நிறக் கிரேயான் ஒன்று கைமாறிக் கைமாறிப் போயிற்று. உச்சி வெயிலில் கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகள் தாளில் வெளுத்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. மாஸ்டர் சும்மா இருந்தார். நாலைந்து பேர் முடித்த பிறகு, “கையை எடுத்துப் படத்துமேல வை” என்றார். வகுப்பு அடங்கிப்போனது.

அமெரிக்கக் கிரேயான் கம்பெனி ஒன்று இந்த நிறத்தின் ‘சதை’ என்ற பெயரை 1962லேயே மாற்றிவிட்டது. நம் நாட்டில் பெங்களூர்ச் சட்ட மாணவர் ஒருவர் ‘ஸ்கின்’ என்ற பெயரை எதிர்த்து நுகர்வோர் மன்றம் வரை போக வேண்டியிருந்தது. அன்று நான் பார்த்த ஒரு பெட்டியிலும் அதே பெயர்தான் அச்சாகியிருந்தது.

மாஸ்டர் போஸ்டர் கலரைத் திறந்தார். சிவப்பு, மஞ்சள், துளி நீலம். கலந்தால் பழுப்பு; மஞ்சள் கூடினால் மாநிறம், நீலம் கூடினால் கருமை. கறுப்பு டப்பாவுக்கு மட்டும் தடை. அதைச் சேர்த்தால் முகம் உயிரில்லாமல் சாம்பல் பூத்துவிடுமாம். ஒரு சிறுமி கலந்து கலந்து புறங்கையில் தடவிப் பார்த்தாள். பொருந்திய இடத்தில் வண்ணமே கண்ணுக்குத் தெரியவில்லை. “சார், காணாமப் போயிடுச்சு!” அன்றைய பாடம் அதுதான் என்று நினைக்கிறேன், மூக்கு கோணினால் என்ன?

ஓவிய ஆசிரியர் வேலைக்கு வருவது சுலபமில்லை. லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள், அதன்மேல் டி.டி.சி. என்ற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி. மாஸ்டருக்குச் சம்பளம் பள்ளி நிர்வாகம் தருவது. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. கூடப் படித்தவர்கள் சிலர் 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தவர்கள். அப்போது எடுக்கப்பட்ட 16,549 பேரில் ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் அடக்கம். மாதம் 5,000 ரூபாயில் தொடங்கியது. பிறகு கூடியிருக்கிறது, ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத வருஷம் குறைவு.

மாஸ்டர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சை நெருங்கினால் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதே அவர் குறை. தலைமை ஆசிரியர்களே, வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை விட்டுவையுங்கள். பள்ளிக்குக் கலர்ப் பெட்டி நன்கொடை தருகிறவர்களே, அதோடு பத்துக் கைக்கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.