தடித்த வண்ணத்துக்கு ஒரு நன்றி

ஓவியர் எஃப்.என். சூசா அவர்களுக்கு,

2002-இல் மும்பையில் நீங்கள் கண்மூடினீர்கள். உங்கள் ஊர் கோவா, நான் ராஜபாளையத்துக்காரன். ஆனாலும் எங்கள் ஊர்க் கட்டடங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். அதை நாலு பேர் அறியச் சொல்லவே இந்த மடல்.

உங்கள் நகர ஓவியங்களை முதலில் அச்சில்தான் பார்த்தேன். சாய்ந்து நிற்கும் வீடுகள், ஊசியான தேவாலயக் கோபுரங்கள், எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்த கறுப்புக் கோடு. பிடித்திருந்தது, அவ்வளவுதான். அசலின் முன்னால் நின்றபோதுதான் சங்கதி விளங்கியது. அச்சு வண்ணத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. நேரில் சற்றே பக்கவாட்டில் நின்றால், எண்ணெய் வண்ணம் மேடும் பள்ளமுமாகப் புடைத்திருக்கிறது. கத்தியால் இழுத்த இடத்தில் விளிம்பு பிதுங்கி, அடுத்த சன்னலின் மேல் நிழல் போடுகிறது. கொத்தனார் காரையை அப்பிவிட்டு, மட்டக்கட்டை போடாமல் விட்ட சுவர் மாதிரி.

1924-இல் சாலிகாவ் கிராமத்தில் பிறந்து, சில மாதங்களிலேயே தகப்பனை இழந்து, தையல் வேலை பார்த்த தாயிடம் வளர்ந்தீர்கள். 1947-இல் நண்பர்களோடு முற்போக்குக் கலைஞர் குழு, 1949-இல் லண்டன். தேவாலயச் சன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைதான் உங்கள் கறுப்புக் கோடாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். 1955-இல் தீட்டிய 'பிறப்பு' ஓவியத்தில் நிறைமாதப் பெண்ணுக்குப் பின்னால், சன்னல் வழியே ஒரு நகரம் தெரிகிறது. பிற்பாடு அது கோடிக்கணக்கில் ஏலம் போனது. எனக்கு அந்தச் சன்னல்தான் பெரிது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை. பிறந்ததிலிருந்து பார்த்த கோபுரம். சுதைச் சிற்பங்கள் நெருக்கியடிக்காததால், "வெறுமையா இருக்கே" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. நானும் மறுத்ததில்லை. உங்கள் ஓவியத்தைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான், வெயில் சாயும் நேரத்தில் அதன் மாடங்களும் விளிம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று நிழல் எறிவதைக் கவனித்தேன். அந்தக் கோபுரத்துக்கு அதுவே போதும்.

ராஜபாளையத்துப் பழைய தெருச் சுவர்களும் அப்படித்தான். சுண்ணாம்பு, அதன் மேல் நீலம், அதன் மேல் ஏதோ ஒரு தேர்தலின் சின்னம், மறுபடி வெள்ளை. உரிந்த இடத்தில் விரல் வைத்தால் அத்தனை அடுக்கும் தட்டுப்படும். முன்பு அதை அழுக்கு என்று நினைத்துக் கடந்து போவேன். இன்று நின்று பார்க்கிறேன். இதற்காகத்தான் உங்களுக்கு நன்றி, ஐயா.

இங்கே ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, அரசு கவின்கலைக் கல்லூரியைத் தேடிச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. அதுவரை பள்ளி ஓவிய வகுப்புதான் கதி. ஆகவே எங்கள் ஊர் ஓவிய ஆசிரியர்களுக்கு உங்கள் பெயரால் ஒரு வேண்டுகோள்: கோட்டைத் தாண்டாமல் தீட்டச் சொல்வதை ஒரு நாள் நிறுத்திவையுங்கள். கை நிறைய வண்ணத்தைக் கொடுத்து, பிள்ளைகளைத் தங்கள் தெருவைத் தடிமனாகப் பூசச் சொல்லுங்கள்.

ராஜபாளையத்து வாசகன்