ஒன்பதாவது ஆள்

ஆதிச்சநல்லூர்ல இருந்து சித்தி பையன் போன். மும்பையில ஒரு முதலீட்டு வங்கியில இண்டர்ன்ஷிப். கடைசி ரவுண்டு வரைக்கும் போயிட்டு ரிஜெக்ட். "அண்ணே, எனக்கு ஃபைனான்ஸே சரிப்படாதோ?"ன்னான்.

அப்துல் கலாம் கதையைச் சொன்னேன். டேராடூன்ல விமானப்படைத் தேர்வு. 25 பேர்ல 8 பேரை எடுத்தாங்க, கலாம் 9வது. பின்னாடி ஜனாதிபதி ஆனதை விடுங்க; அன்னிக்கே அவருக்குக் கீழே 16 பேர் இருந்தாங்களே!

நானும் ஆபீஸ்ல இண்டர்வியூ பேனல்ல உட்கார்ந்தவன்தான். இடம் நாலுன்னா அஞ்சாவது ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் ஒரே மெயில்தான் போகும். அதுல இருக்கிறது எங்ககிட்ட இருந்த இடத்தோட கணக்கு. வந்தவங்களோட மார்க் இல்லை.

"எந்தக் கேள்வியில தடுமாறினியோ அதை இன்னிக்கே எழுதி வை, நாளைக்கு மறந்துடும். சாயங்காலம் ஆத்துப் பக்கம் நடந்துட்டு வா"ன்னேன்.

"சரிண்ணே"ன்னான். குரல் இன்னும் கம்மித்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் ஆகும். ஆகட்டும்.