இறுக்கிய திருகும் மறைத்த குறையும்



பழைய வாகனங்களை வாங்கிச் செப்பனிட்டு விற்பது ஹலாலான தொழில். ஆயினும் அதில் ஹராம் நுழைவதற்கு ஒரு சிறு திருகின் அளவு இடமே போதும் என்பதை அண்மையில் நேரில் கண்டேன்.

என் மைத்துனர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய வில்லிஸ் வகை ஜீப் ஒன்றை வாங்கினார். 1945இல் ‘மஹிந்திரா அண்ட் முஹம்மத்’ என்ற பெயரில் தொடங்கி, 1948இல் பெயர் மாறிய நிறுவனம் நம் நாட்டில் பரப்பிய வண்டி அது. அதை வாங்க முன்வந்தவர் வால்பாறையைச் சேர்ந்தவர். ஆழியாறிலிருந்து அங்கு செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கிலோ ஆட்டம் அதிகமாக இருந்தது.

கோவையில் பட்டறை நடத்தும் முதியவர் டை ராடு முனைகளையும் கிங் பின்னையும் முதலில் சோதித்தார். பின்பு ஸ்டீயரிங் பெட்டியைத் திறந்து காட்டினார். ஸ்டீயரிங் தண்டின் அடிமுனையில் திருகு போன்ற பள்ளம் சுற்றிச் செல்கிறது. ஒரு நெம்புகோலின் இரு முளைகள் அப்பள்ளத்தில் பொருந்தி நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பள்ளத்தின் நடுப்பகுதி தேய்ந்துவிடுகிறது. இரு ஓரங்களும் தேய்வதில்லை.

“ஏனுங்க பாய், சைடு திருகை இறுக்கினா ஆட்டம் போயிருமுங்க. தெருவுல ஓட்டிப் பாக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வளைவுல இறுக்கிப் புடிச்சுக்கும், வண்டி தானா நேருக்கு வராதுங்க” என்றார் அவர்.

முறையாகச் செய்வதென்றால் தண்டு, முளைகள், பேரிங், புஷ், ஆயில் சீல் அனைத்தையும் மாற்ற வேண்டும். லாபத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். மைத்துனர் என்னிடம், “மச்சான், வாங்குபவர் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்? நான் பொய் ஏதும் சொல்லவில்லையே?” என்று கேட்டார்.

நியாயமாகத் தோன்றும் கேள்விதான். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி கூறினார். அவர் நனைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததை நபியவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். பள்ளத்தைத் தேய்த்தவர் என் மைத்துனர் அல்லர். ஆனால் திருகை மட்டும் இறுக்குவது, ஈரத்தின் மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புவதுதான். ஈரத் தானியத்தால் பொருள்தான் நட்டமாகும். இங்கே உயிரே போகக்கூடும்.

விற்கும் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு ஃபிக்ஹு சட்டம் அளிக்கிறது. ‘கியாருல் ஐப்’ என்பது அதன் பெயர். மலைவளைவில் விபத்துக்குள்ளானவரோ எதைத் திருப்பித் தருவார்?

மைத்துனர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு, “முழுசாகவே செய்துவிடுங்கள்” என்று முதியவரிடம் கூறினார். புதிய பாகங்கள் பொருத்தப்பட்டன. தண்டு தடையின்றிச் சுழலவும் முன்பின் அசையாதிருக்கவும் ஷிம் தகடுகள் அளந்து வைக்கப்பட்டன. இறுதியில், சக்கரங்கள் நேராக நிற்கும் நிலையில் திருகு சரிசெய்யப்பட்டது. நடுவைக் கடக்கும்போது கையில் இலேசான பிடிப்பு தெரிய வேண்டும். அதற்கு மேல் இறுக்கலாகாது என்றார் முதியவர்.

கழற்றிய பழைய பாகங்களையும் வாங்குபவரிடம் காட்டியே மைத்துனர் வண்டியை விற்றார். லாபம் குறைந்தது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழி. பரக்கத்தைக் கணக்கேட்டில் எழுத இயலாது. எனினும் அன்றிரவு அவர் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

பழைய வண்டி வாங்கும் சகோதரர்களே, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் இலகுவாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால் காரணம் கேளுங்கள். விற்கும் சகோதரர்களே, அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் வாய்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.